இரவு ஷிப்டில் விடுபட்ட நான்கு திருகாணிகள்: எழுதி அறிவிக்க வேண்டுமா?

மல்லாவிப் பயிலுநர்

அனைவருக்கும் வணக்கம். நான் மல்லாவியைச் சேர்ந்தவன். ஒன்றரை ஆண்டுகளாகத் தெற்கில் ஒரு விமானப் பராமரிப்பு நிலையத்தில் பயிலுநராக இருக்கிறேன். பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த இடத்தில், மூன்று வாரங்களாக மனதில் கிடந்து உறுத்தும் ஒரு விடயத்தை இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். நிலையத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

மார்கழியில் ஓர் இரவு ஷிப்டில், விமானத்தின் இறக்கையின் அடிப்பக்கத்தில் உள்ள ஒரு பரிசோதனை மூடியைப் பூட்டும் வேலை எனக்குத் தரப்பட்டது. அதில் 28 திருகாணிகள். முதலில் எல்லாவற்றையும் கையால் ஓடவிட்டு, பின்னர் குறித்த ஒழுங்கில், போதிய இறுக்கம் வந்ததும் கிளிக் என்று ஒலிக்கும் டோர்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அதிகாலை நான்கரை மணியளவில், இறுக்கும் வேலை பாதியில் இருந்தபோது, பக்கத்து விமானத்தில் நின்ற ஒருவர் ரோச் பிடிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். போனேன். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, விட்ட இடம் என்று நான் நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்து முடித்தேன். ஷிப்ட் முடிந்து விடுதிக்குப் போகும் வான் வண்டியில் கண்ணயரும் நேரத்தில்தான், மூடியின் பின் ஓரத்திலிருந்த நான்கு திருகாணிகளுக்கு ரெஞ்சின் கிளிக் ஒலி கேட்ட நினைவே எனக்கு இல்லை என்பது திடீரென்று உறைத்தது.

எனக்கு மேலே இருந்த மூத்த தொழினுட்பவியலாளருக்கு உடனே தொலைபேசியில் சொன்னேன். விமானம் அப்போதும் ஹங்கர் என்ற விமானக் கொட்டகைக்குள்தான் நின்றது. பகல் ஷிப்டில் ஒருவரை அனுப்பிப் பார்த்தபோது, அந்த நான்கும் கையால் ஓடவிட்ட நிலையிலேயே இருந்தனவாம், இறுக்கிவிட்டார்கள். வேலை அட்டையில் அந்தப் படிக்கு அவர் ஏற்கெனவே முத்திரை குத்தியிருந்ததால் தாளில் மாற்றுவதற்கு எதுவும் இருக்கவில்லை. "சரி, முடிந்தது. இதை எழுதப் போகாதே. எழுதினால் உன்னுடைய பயிற்சிக்காலம் நீளும், எனக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்" என்றார். அவர் நல்ல மனிதர். எனக்குச் சாவி பிடிக்கக் கற்றுத் தந்தவரே அவர்தான்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "வேலையில் கண் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். எங்களுக்கோ மனிதக் காரணிகள் என்ற பாடத்தில், கனடாவைச் சேர்ந்த கோர்டன் டுபோன்ட் 1993இல் தொகுத்த பன்னிரண்டு காரணங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள்: மெத்தனம், கவனச்சிதறல், களைப்பு, நேர நெருக்கடி, தொடர்பாடல் குறைவு என்று அது நீளும். பரீட்சையில் பன்னிரண்டையும் பிழையின்றி எழுதினேன். ஆனால் என்னுடைய பிழையை நினைக்கும்போது அவை பன்னிரண்டு சாட்டுகளாகவே எனக்குத் தோன்றுகின்றன. ஒருவருக்கும் பாதிப்பு ஏற்படாத, திருத்தியும் ஆகிவிட்ட ஒரு பிழையை எழுதி அறிவிப்பதால் என்ன பயன்? இந்தத் துறையை அறிந்தவர்கள் சொல்லித்தர வேண்டும்.

ஓய்வுபெற்ற பொறியியலாளர், வவுனியா

தம்பி, நான் முப்பத்தொரு ஆண்டுகள் விமானப் பராமரிப்பில் இருந்தவன். அதில் பெரும் பகுதி வளைகுடா நாடுகளில் கழிந்தது. நீங்கள் நான்கு திருகாணிகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கோ உங்கள் பதிவில் நீங்கள் வேகமாகக் கடந்துபோன வேறொரு வரிதான் கண்ணில் குத்தியது: வேலை முடியுமுன்பே, அல்லது முடிந்ததா என்று பாராமலே, அட்டையில் முத்திரை குத்தப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் அப்பாவின் கேள்வி. 1990 யூன் 10ஆம் திகதி, பேர்மிங்ஹாமிலிருந்து மலகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் எயார்வேஸ் 5390 விமானத்தில், ஏறக்குறைய 17,300 அடி உயரத்தில் தலைமை விமானியின் பக்கத்து முன்கண்ணாடி பிய்ந்து பறந்தது. விமானியின் உடலில் பாதி வெளியே இழுபட்டது. பணியாளர்கள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுதம்ப்டனில் தரையிறக்கினார். எல்லோரும், அந்த விமானி உட்பட, உயிர் தப்பினார்கள். கண்ணாடி அதற்கு முந்திய நாள் அதிகாலையில்தான் புதிதாக மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 விட்டம் குறைந்தவை; மிகுதி ஆறு விட்டத்தில் சரியானவை, நீளத்தில் குறைந்தவை. சரியான போல்ட்டுக்கும் பிழையான போல்ட்டுக்கும் விட்டத்தில் இருந்த வேறுபாடு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு.

இதைச் செய்தவர் கற்றுக்குட்டி அல்ல, கவனமற்றவரும் அல்ல. அந்த இரவு ஷிப்டின் பொறுப்பாளரே அவர்தான். ஆள் பற்றாக்குறையால் தாமே வேலையில் இறங்கினார். கழற்றிய பழைய போல்ட் ஒன்றை மாதிரியாகக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் குறைந்த ஒரு களஞ்சியத்தில், வாசிப்புக் கண்ணாடி அணியாமல், கண்ணளவில் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்தார். உதிரிப்பாகக் களஞ்சியத்தில் இருந்தவர் சரியான இலக்கத்தைச் சொல்லியும், கழற்றிய போல்ட் நான்கு ஆண்டுகள் பிடித்து நின்றதுதானே என்ற எண்ணத்தில் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தப் பழைய போல்ட்டும் முன்பு யாரோ பிழையாகப் பூட்டியதுதான் என்பது விசாரணையில் தெரியவந்தது. அவர் ஏறி நின்ற மேடையின் அமைப்பினால் போல்ட்டின் தலை உள்ளே அமுங்கியிருந்ததையும் சரியாகப் பார்க்க முடியவில்லை. முன்கண்ணாடி அன்றைய விதிகளின்படி இரண்டாம் ஆள் பரிசோதிக்க வேண்டிய பகுதிகளின் பட்டியலில் இல்லாததால், அவருடைய கைக்குப் பிறகு வேறு எவருடைய கையும் அதில் படவில்லை.

அவர் மறந்து எதையும் விட்டுவிடவில்லை. தாம் செய்வது சரி என்று நம்பியே 90 போல்ட்டுகளையும் பூட்டினார். சரி என்று நம்பிச் செய்கிறவரைப் பார்த்து "இன்னும் கவனமாகச் செய்" என்று சொன்னால், அதே பிழையை இன்னும் கவனமாகச் செய்வார். அப்பா சொல்லும் "வேலையில் கண்" என்பது வயலுக்கும் வேண்டும், ஹங்கருக்கும் வேண்டும். ஆனால் அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் மனித உடல் தன் ஊக்கத்தின் அடிமட்டத்தில் இருக்கும்; அந்த நேரத்துக் கண்ணை மட்டும் நம்பி நூறு பேரை 17,000 அடிக்கு அனுப்ப முடியாது என்பதால்தான் வேலை அட்டை, இரண்டாம் கையொப்பம், கருவி எண்ணிக்கை எல்லாம் வந்தன.

இனி முத்திரை. 2003 சனவரி 8ஆம் திகதி, அமெரிக்காவின் சார்லொட் விமான நிலையத்தில் ஏர் மிட்வெஸ்ட் 5481 என்ற சிறிய பீச்கிராஃப்ட் 1900 விமானம் புறப்பட்ட உடனேயே விழுந்து, அதில் இருந்த 21 பேரும் இறந்தனர். இரண்டு நாட்களுக்கு முன் இரவில், அதன் மூக்கை மேலும் கீழும் அசைக்கும் வால் தகடான உயர்த்தியின் கட்டுப்பாட்டுக் கம்பியின் இழுவிசையைச் சரிசெய்யும் வேலை நடந்திருந்தது. செய்தவர் அந்த வகை விமானத்தில் அந்த வேலையை முதன்முறையாகச் செய்த, உங்களைப் போன்று பயிற்சியில் இருந்த ஒருவர். அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும், வேலை முடிந்தபின் அதைப் பரிசோதித்துக் கையொப்பமிட வேண்டியவரும் ஒரே ஆள். சில படிகள் தேவையில்லை என்று இருவரும் சேர்ந்து தாண்டிவிட்டார்கள். தாண்டிய படிகளில் ஒன்றைச் செய்திருந்தாலே பிழை பெரும்பாலும் வெளிப்பட்டிருக்கும். மூக்கைக் கீழே தாழ்த்த வேண்டிய இயக்கம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அந்த நிலையிலேயே விமானம் பல தடவைகள் பறந்தும் இருக்கிறது. விபத்தன்று பின்பக்கத்தில் பாரம் அதிகமாக ஏற்றப்பட்டபோதுதான் அந்தக் குறை உயிரைக் குடித்தது. பரிசோதகரின் கையொப்பம் அட்டையில் இருந்தது, பரிசோதனை இருக்கவில்லை.

பிரித்தானிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் மனிதர்களின் பிழைச் செயல்களைச் சறுக்கல், மறதி, தவறான தீர்மானம், மீறல் என்று பிரித்தார். உங்களுடையது மறதி. இடையில் ஒருவர் கூப்பிட்டால் எவருக்கும் நடக்கக்கூடியது. நாளை அதே இடத்தில் வேறொருவரை நிறுத்தினாலும் நடக்கும். உங்கள் மூத்தவர் செய்தது மீறல். கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல, வழக்கத்தில் செய்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஷிப்ட் முடியுமுன் அட்டைகளை ஒன்றாக அடுக்கி வைத்து முத்திரை குத்தும் பழக்கம் எனக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் நானும் அப்படிக் குத்தியவன்தான். நீங்கள் மனப்பாடம் செய்த பன்னிரண்டில் கடைசியாக வரும் "வழக்கங்கள்" என்பது இதுதான், தம்பி. அதைச் சாட்டாக எடுக்காதீர்கள். அந்த ஹங்கரில் எங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டும் அடையாளமாக எடுங்கள்.

எழுத வேண்டும் என்பதே என் பதில். அன்று விமானம் ஹங்கரில் நின்றது உங்கள் திறமையால் அல்ல; அடுத்த முறை அது ஓடுபாதையில் நிற்கலாம்.

மாங்குளம் கராஜ்

பொறியியலாளர் ஐயா எழுதியவற்றை மதிப்புடன் வாசித்தேன். நான் இருபது வருடமாக உழவு இயந்திரமும் லொறியும் திருத்துகிறவன். விமானத்தைக் கிட்ட நின்று பார்த்ததும் இல்லை. ஆனாலும் ஒரு விடயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பிழை செய்தவனை விட்டுவிட்டு வெளிச்சம் போதவில்லை, நேரம் போதவில்லை, வழக்கம் அப்படி என்று சொல்லத் தொடங்கினால், நாளைக்கு என்னிடம் வேலை பழகும் பெடியனும் அதையே சொல்லுவான். சில்லு நட்டை இறுக்காமல் விட்டதால் ஒரு லொறியின் சில்லு ஏ9 வீதியில், முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டிய இடத்தில் கழன்று ஓடிய கதையை நான் நேரில் கண்டவன். அது என்னுடைய கராஜில் பூட்டிய சில்லு. எவருக்கும் அடிபடவில்லை என்பது பிள்ளையாரின் புண்ணியம். அந்த வேலையைச் செய்த பெடியனுடைய அந்தக் கிழமைச் சம்பளத்தை நான் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் ஒரு நட்டையும் விட்டதில்லை.

இன்னொன்று. தனக்கு வேலை பழக்கிய ஆளைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிக் கொடுப்பதற்கு எங்கள் ஊரில் என்ன பெயர் என்று தம்பிக்குத் தெரியும். இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பாரத்தை நான் விளக்கத் தேவையில்லை. ஐயா அதை யோசித்துப் பார்த்தாரா என்பதே என் கேள்வி.

வேலை முறை பற்றி எனக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன். கழற்றும் நட்டுகளை ஒரு பால்மா ரின்னில் போட்டு வைப்போம். வேலை முடிவில் ரின்னில் ஒன்று மிஞ்சினாலும் வண்டி வெளியே போகாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, இறுக்கி முடித்த ஒவ்வொரு சில்லு நட்டிலும் குறுக்காக ஒரு கோடு பெயின்ற் அடிக்கிறோம். கோடு இல்லாத நட்டு இறுக்காத நட்டு. தம்பியின் இடத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் வான் வண்டியில் போகும்போது நெஞ்சு இடித்திருக்காது.

பச்சிலைப்பள்ளி அக்கா

நான் விமானம் பற்றி எழுதவில்லை. ஒன்பது ஆண்டுகள் முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவள் என்ற முறையில், மாங்குளம் அண்ணா எழுதியதை வாசித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வேலையில் நாள் முழுக்க உலோகங்காட்டி கத்திக்கொண்டே இருக்கும். தோண்டிப் பார்த்தால் சன்னக்கோது, முட்கம்பித் துண்டு, ரின் மூடி, மறுபடியும் சன்னக்கோது. நூறாவது சத்தத்துக்கும் முதலாவது சத்தத்துக்குக் கொடுத்த அதே மரியாதையைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதை மனதால் மட்டும் செய்ய முடியாது என்பதை எங்களுக்குப் பழக்கியவர்கள் அறிந்திருந்தார்கள். அதனால்தான் குறித்த நேரத்துக்கு ஒரு தடவை, களைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எழுந்து வெளியே வந்து இளைப்பாறியே ஆக வேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் கருவி சரியாகச் சத்தம் எழுப்புகிறதா என்று சோதிக்காமல் உள்ளே போக முடியாது. நான் முடித்த நிலத்தை வேறொருவர் மீண்டும் பார்ப்பார். அவர் பார்ப்பது என்னை நம்பாததால் என்று நாங்கள் ஒருவரும் மனம் நோகவில்லை. அவர் பாராமல் விட்டால்தான் சண்டை பிடிப்போம், ஏனென்றால் நாளைக்கு அந்த நிலத்தில் கச்சான் போடப் போவது எங்கள் சொந்தக்காரர்கள்.

தம்பிக்கு நடந்தது போன்ற ஒன்றுக்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. இடைவேளைக்காகவோ மழைக்காகவோ எழுந்து போய்த் திரும்பினால், விட்ட இடத்திலிருந்து தொடங்க மாட்டோம். ஏற்கெனவே பார்த்து முடித்த நிலத்துக்குள் சிறிது பின்வாங்கி, அங்கிருந்து மீண்டும் பார்த்துக்கொண்டே முன்னே வருவோம். நினைவில் இருக்கும் இடமும் உண்மையில் விட்ட இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு தடவை நான் முடித்த பாதையில், மீள்பரிசோதனையின்போது ஒரு மிதிவெடி கிடைத்தது. அன்று களம் முழுவதும் வேலை நிறுத்தப்பட்டது. எனக்குக் கை கால் நடுங்கியது. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலை போய்விடும் என்றே நினைத்தேன். என்னிடம் முதலில் கேட்டது "ஏன் விட்டாய்?" என்று அல்ல. எந்தக் கருவி, எந்த நேரம், மண் எப்படி இருந்தது, பக்கத்தில் என்ன கிடந்தது என்றே கேட்டார்கள். பெரிய இரும்புத் துண்டு ஒன்று கிட்டக் கிடந்திருக்கிறது. அதன் சத்தத்துக்குள் இதன் சத்தம் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு, பெரிய இரும்பை எடுத்த இடத்தை மீண்டும் முழுவதுமாகப் பார்ப்பது எல்லோருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அண்ணா, அன்று என்னுடைய சம்பளத்தை வெட்டியிருந்தால், அடுத்த முறை எனக்குச் சந்தேகம் வந்த இடத்தை நான் வாய் திறந்து சொல்லியிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை. உங்கள் கராஜில் அந்தப் பெடியன் அதற்குப் பிறகு ஒரு நட்டையும் விடவில்லை என்கிறீர்கள். விட்டதை உங்களிடம் சொல்லவில்லை என்பதாகவும் இருக்கலாம் அல்லவா?

மல்லாவிப் பயிலுநர்

மூவருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்.

ஐயா, மாங்குளம் அண்ணா கேட்டது எனக்கும் இருக்கும் பயம்தான். முத்திரை விடயத்தை எழுதினால் அது மூத்தவரை மாட்டிவிடுவதாகத்தான் முடியும். எழுதாமல் விட்டால் அறிக்கையில் பாதி பொய். பயிற்சிக்காலம் நீள்வதை நான் தாங்கிக்கொள்வேன். அவருடைய முகத்தில் விழிப்பதை எப்படித் தாங்குவது?

ஓய்வுபெற்ற பொறியியலாளர், வவுனியா

கராஜ் தம்பியின் கேள்வி நியாயமானது. நான் அதை யோசிக்காமல் எழுதியது குறைதான். தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வேலைக்கு வருபவர், செய்யாத பரிசோதனையைத் தெரிந்துகொண்டே செய்ததாக எழுதி மறைப்பவர், பலமுறை சொல்லியும் கேளாமல் ஆபத்தை விலைக்கு வாங்குபவர் ஆகியோருக்கு ஒழுக்காற்று நடவடிக்கை வேண்டும். இந்தத் துறையில் எவரும் அதை மறுக்கவில்லை. கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அதே தகுதியும் அனுபவமும் உள்ள வேறொருவரை அதே இரவில், அதே வெளிச்சத்தில், அதே நெருக்கடியில் நிறுத்தியிருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பாரா? ஆம் என்றால், ஆளை மாற்றுவதால் எதுவும் மாறப் போவதில்லை.

பயந்தவர்கள் பேச மாட்டார்கள் என்பதை விமானத்துறை விலை கொடுத்தே படித்தது. 1974 திசெம்பரில் வாஷிங்டனுக்கு அருகே டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் மலையில் மோதிய பிறகுதான், அதே குழப்பத்தில் ஏற்கெனவே வேறொரு நிறுவனத்தின் விமானம் மயிரிழையில் தப்பியிருந்ததும், அந்த எச்சரிக்கை மற்றவர்களுக்குப் போய்ச் சேராததும் தெரியவந்தது. அதன் விளைவாக 1976இல் அமெரிக்காவில் அறிக்கைகளைப் பெறும் பொறுப்பு நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. தண்டிக்கும் அதிகாரம் இல்லாத ஓர் இடம் வாங்கினால்தான் ஆட்கள் எழுதுவார்கள் என்பது அதன் காரணம். பிரித்தானியாவில் 1982இல் இதே போன்ற இரகசிய ஏற்பாடு வந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின், பாதுகாப்பு முகாமைத்துவம் பற்றிய 19ஆம் இணைப்பு 2013இல் நடைமுறைக்கு வந்தபோது, கட்டாய அறிக்கை முறையோடு தாமாக முன்வந்து எழுதும் முறையையும் நாடுகள் வைத்திருக்க வேண்டும் என்று ஆக்கியது. தம்பி, உங்கள் நிலையத்தின் பாதுகாப்புக் கைநூலில் அந்தப் படிவம் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். யாரிடம் போகிறது, பெயர் எப்படிக் காக்கப்படுகிறது என்பதையும் வாசியுங்கள்.

எழுதுமுன் உங்கள் மூத்தவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் எழுதுவதற்கும் முகத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு எழுதுவதற்கும் உள்ள வேறுபாடுதான் அந்தப் பாரமான சொல்லுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. முடிந்தால் அவரையும் சேர்ந்து எழுதக் கேளுங்கள். அறிக்கையில் அவர் பெயர் வரத் தேவையில்லை. எந்த நேரத்தில் எத்தனையாவது திருகாணியில் நின்றீர்கள், யார் என்று சொல்லாமல் எதற்காகக் கூப்பிட்டார்கள், திரும்பியபோது விட்ட இடத்தைக் காட்டும் குறி ஏதும் இருந்ததா, முத்திரை எப்போது குத்தப்பட்டது, அந்த இரவில் எத்தனை அட்டைகளுக்கு எத்தனை பேர் இருந்தீர்கள் என்பவற்றை எழுதுங்கள். "கவனக்குறைவு" என்ற சொல்லை எழுத வேண்டாம். அந்தச் சொல் வந்த இடத்தில் வாசிப்பவர் யோசிப்பதை நிறுத்திவிடுவார்.

ரோச் பிடிக்கக் கூப்பிட்டதைச் சிறு விடயமாக எண்ணாதீர்கள். 1991 செப்டெம்பர் 11ஆம் திகதி, டெக்சாஸ் மாநிலத்தின் ஈகிள் லேக் அருகே கொன்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 வானத்திலேயே உடைந்து 14 பேர் இறந்தனர். முந்திய இரவு வால் பகுதியின் வலது பக்கத்தில்தான் வேலை தொடங்கியிருந்தது. உதவிக்கு வந்த ஒருவர் நல்லெண்ணத்தில் இடது பக்கத்தின் மேல் திருகாணிகள் 47ஐயும் கழற்றி வைத்தார். ஷிப்ட் மாறியது, கழற்றிய செய்தி மாறவில்லை. இடது பக்கத்தில் வேலை நடந்தது என்றே அடுத்த ஷிப்டுக்குத் தெரியாது. வால் உயரத்தில் இருந்ததால் கீழே நின்று பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை. உதவி செய்வதும் உதவிக்குப் போவதும் ஹங்கரில் நல்ல குணம். அட்டையில் ஏறாத உதவிதான் ஆபத்து.

பச்சிலைப்பள்ளித் தங்கை சொன்ன பின்வாங்கித் தொடங்கும் வழியை நாங்களும் படிப்பித்தோம். வேலைக்குத் திரும்பினால் மூன்று படிகள் பின்னால் போய்த் தொடங்கு என்பது எங்கள் பாடம். உங்கள் மூடியைப் பொறுத்தவரை அதைவிட எளிது: எழுந்து போகுமுன் கடைசியாக இறுக்கிய திருகாணியில் ஒரு குறியீட்டு நாடாவை ஒட்டி, அட்டையில் "12 வரை" என்று எழுதிவிட்டுப் போவது. அறிக்கையின் முடிவில் பரிந்துரை கேட்பார்கள். இதை எழுதுங்கள்.

மல்லாவிப் பயிலுநர்

நேற்றிரவு மூத்தவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ எத்தனையாவது திருகாணியில் நின்றாய் என்று உனக்கு இப்போதும் நினைவிருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் அதையும் எழுது. மிகுதியை நேரில் பேசுவோம்" என்று வைத்துவிட்டார். ஞாயிறு இரவு பஸ்ஸில் திரும்புகிறேன்.

மாங்குளம் கராஜ்

நல்லது தம்பி. பழைய சம்பவத்தைப் பற்றி எங்கள் பெடியனிடம் இன்று பேசிப் பார்த்தேன். அக்கா சந்தேகப்பட்டதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதைப் பிறகு ஒரு நாள் எழுதுகிறேன். ஐயாவிடம் ஒரு கேள்வி: நட்டில் கோடு போட விமானத்தில் என்ன பெயின்ற் பாவிக்கிறீர்கள்? நாங்கள் அடிக்கும் எனாமல், நட்டு சற்று இளகினாலும் சில வேளை இழுபட்டுக்கொண்டு ஒட்டியே நிற்கிறது. பார்த்தால் இறுக்கமாக இருப்பது போலத் தெரிகிறது.

ஓய்வுபெற்ற பொறியியலாளர், வவுனியா

சரியான இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். நாங்கள் பாவிப்பது காய்ந்தபின் நொறுங்கும் தன்மையுள்ள ஒரு வகைப் பூச்சு. நட்டு இம்மியளவு அசைந்தாலும் கோடு வெடித்துவிட வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். இழுபடும் பூச்சு பொய் சொல்லும். கோட்டை நட்டில் மட்டும் அடிக்காமல் சில்லுத் தட்டு வரைக்கும் இழுத்துவிடுங்கள். அடிக்குமுன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள். பழைய கோட்டின் மேல் புதுக்கோடு போடாமல் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள்.